வெளிச்சவீட்டில் தனியே ஒருத்தி

1966ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து மயிலிட்டிச் சனசமூக நிலையத்தார் விழா மலர் போடப் புறப்பட்டபோது நாகேஸ்வரியும் ஒரு கதை எழுதிக் கொடுத்தாள். அவள் கடல்தொழில் செய்யும் குடும்பத்துப் பெண். அவள் கணவன் தோணியில் மீன்பிடிக்கப் போகிறவன். அவள் எழுதியது, கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீட்டைக் காத்தவன் இறந்துபோக, ஆட்கள் வந்து அழைத்தும் இறங்காமல், விளக்கைத் தானே ஏற்றிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகிற அவன் மனைவியின் கதை.

மலரின் ஆசிரியர் அருளம்பலம் மாஸ்ரருக்குப் பிடிக்கவில்லை. வெளிச்சவீடு என்றால் பேயோ கொலையோ வேண்டும், இல்லாவிட்டால் அவளைக் கூட்டிப்போகக் கடைசியில் ஓர் ஆண் வள்ளத்தில் வரவேண்டும் என்றார். அதுவும் முடியாதென்றால் கதையை ஊருக்குள் ஒரு வீட்டுக்கு மாற்றச் சொன்னார்.

“ஊருக்குள்ளை வைச்சால் கதை நடக்காது மாஸ்ரர்,” என்றாள் நாகேஸ்வரி. “வேலிக்கு இஞ்சாலை மாமி, அங்காலை மச்சாள். ஒரு பொம்பிளை என்ன நினைக்கிறாள் எண்டு அவளுக்கே கேக்காது. வெளிச்சவீட்டுக்கு ஒரு கதவுதான். சாத்தினால் அவள் தனிய. அதுக்குத்தான் அங்கை கொண்டுபோய் வைச்சனான்.”

தனியே இருக்கிற பெண்ணுக்குப் பைத்தியம்தான் பிடிக்கும் என்றார் அவர்.

“என்ரை கதையிலை பிடிக்காது.”

மலர் அவள் கதை இல்லாமலே வந்தது. விழாவில் வாசிப்பவர்களின் வரிசையிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள். போனால் போகட்டும் என்றான் கணவன். அவள் விடவில்லை. விழா மாலையில், பாட்டு முடிந்து நாடகம் தொடங்குமுன் மேடை வெறுமையாகக் கிடந்தபோது தாள்களுடன் ஏறினாள். இரண்டு வரி வாசிப்பதற்குள் மாஸ்ரர் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார்.

ஒலிபெருக்கி நின்றது. அவள் நிற்கவில்லை. கரையில் நின்று அலைக்கு மேலாகத் தோணிக்காரரைக் கூப்பிட்டுப் பழகிய குரல். முன்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். பின்னால் பாயில் இருந்த பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அந்த இடங்களுக்கு வந்தார்கள். ஒருவன் சிரித்தான். அவன் முகத்தையே பார்த்தபடி, சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தாள். கடைசி வரிவரை வாசித்தாள்.

இறங்கியதும் மீன் விற்கிற பராசக்தி மறித்தாள்.

“கதையிலை அவளுக்கு நீ பேர் வைக்கேல்லை, என்ன?”

“ஓம் அக்கா, வைக்கேல்லை.”

“என்ரை பேரை வை.”

அடுத்த வருடம் மாஸ்ரரே கதை கேட்டு ஆள் அனுப்பினார். ஊருக்குள் நடக்கிற கதையென்றால் நல்லது என்றும் சொல்லியனுப்பினார். பராசக்தி என்பவள் வெளிச்சவீட்டில் தனியே வாழ்கிற அதே கதையைத்தான் நாகேஸ்வரி கொடுத்தாள். ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று சொல்லியே கொடுத்தாள். அப்படியே அச்சாகியது.