முத்துப்பேச்சியின் முகத்தில் சிவப்பு

அனுசியா போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கடையின் வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்பவள். தளத்துக்கு வருகிறவர்கள் எங்கெங்கே விரல் வைக்கிறார்கள் என்பதை ஹீட்மேப் என்ற வரைபடம் அவளுக்கு நிறத்தில் காட்டும். நிறையத் தொட்ட இடம் சிவப்பு. யாரும் சீண்டாத இடம் நீலம். காய் வாங்கும் பொத்தான் சிவக்க வேண்டும் என்பது முதலாளி அழகுராஜாவின் ஆசை. சிவந்திருந்ததோ 'எங்களைப் பற்றி' பக்கத்தில் இருந்த ஒரு புகைப்படம். அதிலும், காய் பறிக்கும் ஆறு பெண்களில் இடது ஓரம் நின்று சிரித்தவளின் முகம் மட்டும்.

ஏதோ பொத்தான் என்று நினைத்து ஆட்கள் ஏமாந்து தொடுகிறார்கள் என்று அனுசியா முடிவு செய்தாள். முதலாளியிடமும் அப்படியே சொல்லிவிட்டு, அந்தப் படத்தை எடுத்து, ஏலக்காய்ப் பொட்டலத்தின் படத்தைப் போட்டாள்.

மறுவாரம் பார்த்தால் பொட்டலத்தின் இடது ஓரத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், மறுபடியும் சிவப்பு. அப்போதுதான் எந்தெந்தக் கைபேசியிலிருந்து தொட்டது என்று பிரித்துப் பார்த்தாள். அத்தனை தொடுதலும் ஒரே கைபேசியிலிருந்து வந்தவை. அந்த ஆள் பக்கத்தை மேலும் கீழும் தேடியிருக்கிறார். மூடி மூடித் திறந்திருக்கிறார். அனுசியாவுக்கு என்னவோ போலிருந்தது.

இரண்டு நாள் கழித்து அவரே கடைக்கு வந்தார். சோலைமலை என்று பேர் சொன்னார். நாற்பது வயதிருக்கும். அந்தப் படம் தானாகப் போய்விட்டதா, திரும்ப வருமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எதற்கு என்று கேட்டபோது, ஓரத்தில் நின்றவள் தன் மனைவி முத்துப்பேச்சி என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கடைக்குக் காய் வரும் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போன ஜீப்பு, போடிமெட்டு வளைவில் மூடுபனியில் கவிழ்ந்தது. மற்றவர்கள் காயத்தோடு பிழைத்தார்கள். முத்துப்பேச்சி பிழைக்கவில்லை. ஓட்டியவர் சோலைமலை. படங்கள் இருந்த அவருடைய கைபேசி பள்ளத்தோடு போனது. வீட்டில் மாட்டியிருந்ததையும் கல்யாண ஆல்பத்தையும் மாமியார் வீட்டார் எடுத்துப் போய்விட்டார்கள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர்களிடம் கேட்பது? அதன்பிறகு அவர் வண்டியே எடுக்கவில்லை. குடோனில் மூட்டை சுமக்கிறார்.

"அவ முகம் மறந்துபோயிருமோன்னு பயமா இருக்கும்மா," என்றார்.

"நான்தாண்ணே எடுத்தேன். தெரியாமப் பண்ணிட்டேன்," என்றாள் அனுசியா.

"நீங்க உங்க சோலியத்தான பாத்தீங்க."

அவள் கணினியில் அந்தப் படத்தைத் திறந்து காட்டினாள். நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே பார்த்தார். பெரிதாக அச்சுப் போட்டுத் தருகிறேன், கைபேசியிலும் ஏற்றித் தருகிறேன் என்று அவள் சொன்னதும் ஓரடி பின்னால் போனார்.

"வேண்டாம்மா. ஓட்டிக்கிட்டுப் போனது நான்தான? அவளைக் கையில வச்சுக்கிற யோக்கியதை எனக்கில்ல. பழைய எடத்துலயே போட்ருங்க. ஊரே பாக்குற எடத்துல நானும் ஒரு ஆளாப் பாத்துட்டுப் போயிர்றேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் வாங்கவில்லை.

அன்று மத்தியானமே படம் பழைய இடத்துக்கு வந்தது. அழகுராஜா காரணம் கேட்டார். சொன்னாள். அந்தச் சாவுக்குப் போய்வந்தவர் அவர். அது அங்கேயே இருக்கட்டும் என்றார்.

மறுநாள் காலையில் அனுசியா ஹீட்மேப்பைத் திறந்தாள். ஆறு பெண்களில் ஓரத்து முகம் சிவக்கத் தொடங்கியிருந்தது. மேற்கொண்டு பார்க்க அவளால் முடியவில்லை. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் ஹீட்மேப்பை நிறுத்தி வைத்தாள்.