பென்சிலில் ஒரு பெயர்

படச்சட்டத்தின் பின்பக்க ஆணிகளை ரோசலி வெண்ணெய்க் கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தாள். கல்லறையிலிருந்து திரும்பியவள் கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. முன்னறையில் துக்கத்துக்கு வந்தவர்கள் கையில் தட்டோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இன்னைக்கா இது?" தம்பி எட்வின் அடுக்களைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றான். "அம்மாவைப் புதைச்ச மண்ணு இன்னும் ஷூவுல இருக்கு."

"அதனாலதான் இன்னைக்கு. சாப்பிட்டு முடிச்சதும் அந்தக் காலேஜ்காரர் இதைத் தூக்கிட்டுப் போயிடுவாரு. கண்காட்சியில 'ஃபிராங்க் ஜூபான்'னு அப்பா பேர்ல சீட்டு ஒட்டி மாட்டுவாங்க."

"அப்பா பண்ணதுதானே?"

ரோசலியின் கை நின்றது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிறந்தவன்.

அவளுக்கு ஆறு வயதிருக்கும். கிளீவ்லாந்தில் பாதிப் பேருக்கு வேலையில்லாத காலம். இதே அடுக்களையில்தான் அம்மா மரச்சட்டத்தில் பட்டுத்துணியை இழுத்துக் கட்டி, ரப்பர் பட்டையால் மையை வழித்து வழித்து அச்செடுத்தாள். உருக்காலைப் புகைக்கு அடியில் வெள்ளைத் துணி காயப்போடும் ஒருத்தியின் படம். ஒவ்வொரு வண்ணமும் காய்வதற்காகத் தாள்களைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள். "கீழே உக்காரு, மூச்சுகூட விடாதே" என்பாள்.

"பண்ணது அம்மா. அப்பாவுக்கு அரசாங்கத்துல ஓவியர் வேலை. ஒரு வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் வேலைன்னு சட்டம். அதனால அம்மா பண்ணதும் அப்பா பேர்ல போச்சு. அந்தச் சம்பளத்துலதான் நான் பால் குடிச்சேன். அதுக்கு எனக்குக் கோபமில்லடா. ஆனா பஞ்சம் முடிஞ்சு எத்தனை வருஷமாச்சு?"

ஆஸ்பத்திரியில் அம்மாவின் கடைசி நாளன்று அப்பா நர்ஸிடம், "என் படம் கண்காட்சிக்குப் போகுதும்மா" என்று பெருமையாகச் சொன்னார். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு திரும்பவே இல்லை.

கடைசி ஆணியும் வந்தது. படத்தைச் சுற்றியிருந்த அட்டையை ரோசலி எடுத்தாள். அது இத்தனை காலம் மறைத்திருந்த வெள்ளை ஓரத்தில், அச்சுக்காரர்கள் வழக்கமாகப் போடும் இடத்தில், பென்சிலில் ஒரு கையெழுத்து: அல்பீனா ஜூபான்.

எட்வின் குனிந்து பார்த்துவிட்டு நிமிராமலே இருந்தான்.

காப்பிக்காக அப்பா உள்ளே வந்தார். மேசையைப் பார்த்ததும் கோப்பையோடு அங்கேயே நின்றார்.

"படிங்கப்பா," என்றாள் ரோசலி.

"கண்ணாடி எடுத்துட்டு வரலம்மா."

"இதைப் படிக்க உங்களுக்குக் கண்ணாடி வேணுமா? பேரு மறையிற மாதிரி அளந்து அட்டையை வெட்டினது உங்க கைதானே?"

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அச்செடுத்த எல்லாத் தாள்லயும் பேரு போட்டிருந்தா. அவ பேரோட ஒண்ணுகூடப் போகக் கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சே போட்டா, பிடிவாதக்காரி. நான் ஆபீசுல குடுக்க வேண்டாமா? ரொட்டிக்குள்ள மெத்துனு இருக்கிற பாகத்தை உருட்டித் தேய்ச்சா பென்சில் தடம் தெரியாம போயிடும். ஒவ்வொண்ணா அழிச்சேன். இதை மட்டும் தரமாட்டேன்னு மெத்தைக்கு அடியில வச்சுக்கிட்டா."

"எந்த ரொட்டி?"

"வீட்டுல இருந்தது ஒரு ரொட்டிதான்."

ரோசலிக்குக் கன்னம் சுட்டது. "அன்னைக்கு ராத்திரி வெறும் சூப்புதான். ரொட்டி வேணும்னு நான் அழுதேன். அம்மா என்னை அடிச்சா. அவ என்னை அடிச்சது அந்த ஒரே தடவைதான். அப்ப நீங்களும் பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க."

அப்பா கோப்பையைக் கழுவுதொட்டியில் வைத்தார்.

பக்கத்து வீட்டுக் கோவாச் அம்மா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "ஹாம் கறி தீந்துபோச்சுடி ரோசலி. இதுங்க துக்கத்துக்கு வந்துச்சுங்களா, பந்திக்கு வந்துச்சுங்களான்னே தெரியல." மூவரின் முகத்தையும் பார்த்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.

ரோசலி அட்டையை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தாள். அட்டையில்லாமலே படத்தைச் சட்டத்தில் பொருத்தி, முன்னறைக்குக் கொண்டுபோய் பழைய ஆணியிலேயே மாட்டினாள். சட்டத்துக்குள் படம் சற்றுக் கோணலாக நின்றது. அவள் அதை நேராக்கவில்லை.

அப்பா பின்னாலேயே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்.

காலேஜ்காரர் ஹால்வர்சன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தின் அருகே போனார். "அல்பீனாவா? அது உங்க வீட்டம்மா பேராச்சே. அப்ப இது யார் பண்ணது, ஃபிராங்க் சார்?"

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அம்மா பண்ணது," என்றான் எட்வின். குரல் உடைந்து, அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "சீட்டுல அம்மா பேரை எழுதுங்க. இல்லேன்னா படம் இங்கயே இருக்கட்டும்."

ஹால்வர்சன் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

அப்பாவின் கை கூடையிலிருந்த ரொட்டியைப் பிய்த்தது. உள்ளிருந்த மெத்தென்ற பகுதியைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் தம்பாட்டுக்கு உருட்ட ஆரம்பித்தன.

ரோசலி ரொட்டிக் கூடையை எடுத்து மேசையின் மறுகோடியில் வைத்தாள்.