உள்ளங்கை லொறி

கண் தெரியாத மனிதருக்கு ஒன்றைச் செய்வதென்றால் பெரிதாகத்தானே செய்ய வேண்டும்? பஸ்மியா அப்படித்தான் நினைத்தாள். கிண்ணியாவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். ஆகையால் அது அவள் மட்டும் விட்ட பிழையல்ல, ஊரே சேர்ந்து விட்ட பிழை என்று வைத்துக்கொள்ளலாம்.

மீன்கடையில் கழித்துவிட்ட, வெள்ளை நுரைப்பலகையான ரெஜிபோம் பெட்டிகளை வெட்டி ஒட்டி அவள் செய்த முதல் லொறி, சாப்பாட்டு மேசை முழுவதையும் பிடித்துக்கொண்டது. அவளுடைய வாப்பா ஸெய்னுதீன் வாழ்நாளில் பாதிக்கு மேல் ஓட்டிய நீல லொறியின் சாயல் அது. கிண்ணியா நெல்லைத் தம்புள்ளைக்கும் தம்புள்ளை மரக்கறியைத் திருகோணமலைக்கும் சுமந்த வண்டி. கண்ணில் பிறசர் ஏறி, பார்வை ஓரங்களிலிருந்து உள்ளே உள்ளே இருண்டுகொண்டு வந்தபோது அதைக் கட்டைபறிச்சான்காரர் ஒருவருக்கு விற்றார்கள். வாங்கியவர் அடுத்த கிழமையே சிவப்பு அடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய லொறி, அவருடைய சிவப்பு.

விற்றதற்காக வாப்பா கலங்கவில்லை. அவரைத் தின்றது வேறொன்று. ஒரு மத்தியானம் பஸ்மியாவின் உம்மா சுபைதாவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது குசினியில் நின்ற அவளுக்கும் கேட்டது.

"லொறிய நெனச்சுப் பாக்கிறன் சுபைதா. துண்டு துண்டாத்தான் வருது. ரயர் வந்தா கதவு இல்ல. கதவு வந்தா லைட் இல்ல. முழு லொறி ஒருக்காவும் வருதில்ல."

கடைசி மாதங்களில் அதைத் துண்டு துண்டாகவே பார்த்ததால் நினைவும் அப்படியே பழகிவிட்டது போலும். ஓர்ஸ் ஹில் கண் டொக்டரோ, போன பார்வை வராது, இருப்பதை மருந்து விட்டு இழுத்துப் பிடிக்கலாம், எவ்வளவு காலத்துக்கென்று சொல்ல முடியாது என்றிருந்தார். அது மூடுவதற்குள் வாப்பா தன் லொறியை ஒருமுறையாவது முழுதாகப் பார்த்துவிட வேண்டும். பஸ்மியாவுக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை. கணவன் கட்டாரில். பகலில் திருகோணமலை பஸ் நிலையத்தடியில் சசிகரனின் அச்சகத்தில் வேலை. பின்னேரங்கள் அவளுடையவை.

பெரிய லொறியை வாப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தடவினார். "நல்லா இரிக்கு மகள்" என்றார். விருந்துக்குப் போன வீட்டில் உப்புக் கூடிய கறியைப் புகழ்கிற குரல் அது. இங்கும் அவருக்குக் கிடைத்தது ஒரு ரயரும், பிறகு ஒரு கதவும், பிறகு ஒரு லைட்டும்தான். பஸ்மியாவுக்கு அழுகை முட்டியது. அந்த ரெஜிபோம் மலையைத் தூக்கிக் கோழிக்கூட்டுப் பக்கம் வைத்தாள். கோழிகளாவது முழுதாகப் பார்க்கட்டும்.

அடுத்த நாள் காலை மருந்து கொடுக்கும்போது வாப்பா குளிசை அட்டையைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுட திகதி அடுத்த மாசத்தோட முடியுதே புள்ள" என்றார். எறும்புக் கால் அளவு எழுத்து. அவளுக்கே கண்ணைச் சுருக்கித்தான் வாசிக்க முடிந்தது. இதே மனிதர்தான் அன்று காலை வாசலில் கிடந்த கதிரையில் மோதிக்கொண்டவர்.

வாப்பாவின் கண்ணைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கெல்லாம் 'குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரி' என்று விளக்கம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் அலுத்திருந்தது. சொல்லத் தெரிந்தவளுக்கு ஒருநாளாவது பார்க்கத் தோன்றவில்லை. பேப்பரை ஒடுக்கமாகச் சுருட்டிக் கண்ணில் வைத்தாள். கோழிக்கூட்டடியில் நின்ற பெரிய லொறியின் முன்னால் போய் நின்றாள். ஒரு ரயர். திருப்பினாள். நீலம், வெறும் நீலம். மேசைப்பக்கம் வந்தாள். தேத்தண்ணிக் கோப்பை தெரிந்தது. பிடி, விளிம்பு, விளிம்பில் ஊர்ந்த எறும்பு என்று எல்லாம் ஒரே பார்வையில், துல்லியமாக. பேப்பரைக் கீழே போட்டுவிட்டு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிறிதாகச் செய்ய வேண்டும். கையெட்டும் தூரத்தில் பிடித்தால் குழாய்க்குள் அடங்கும் அளவுக்கு. ஆனால் எதையும் விடக் கூடாது, நடுப்பார்வை கூராக இருக்கும் மனிதரிடம் பொய் எடுபடாது.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். அந்தக் கடுகைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். ஐஸ்கிறீம் டப்பா மூடியை வெட்டிப் பெட்டியும் முன்பக்கமும் செய்தாள். வாப்பாவின் இன்சுலின் போத்தல் இறப்பர் மூடிகள் ரயர்களாகின. குளிசை அட்டையின் கண்ணாடிக் குமிழ் முன்கண்ணாடியானது. தேயிலைப் பையைப் பிரித்து விரித்தால் சுமையை மூடிக் கட்டி மழையும் வெயிலும் கண்ட தறப்பாளின் நிறம், அசல் அப்படியே. கிண்ணியாப் பாலத்தடியில் எடுத்த பழைய படங்கள் போனில் இருந்தன. அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி இடப்பக்க ரயருக்கு மேலான மட்காட்டின் நெளிவைக் கூட ஊசி முனையால் நெளித்தாள்.

எழுத்தில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். லொறியின் நெற்றியில் 'சுபைதா' என்றிருந்தது. கதவில் வாப்பாவின் பேரும் ஊரும், பின்பலகையில் 'மெதுவாப் போ, வீட்டில பாத்திருப்பாங்க' என்ற வரியும். எல்லாம் வெள்ளை எழுத்து. இவ்வளவு சிறிய கதவில் கையால் எழுத வராது. கடை ஸ்டிக்கரை ஒட்டினால் கதவுக்குப் போர்வை போர்த்தியது போலாகிவிடும். அச்சு மெசினுக்கோ வெள்ளை மை என்று ஒன்று கிடையாது.

விடை அவள் தினமும் அடிக்கிற கலியாண அழைப்புக் காட்டிலேயே இருந்தது. நீலப் பின்னணியில் வெள்ளைப் பெயர் வேண்டுமென்றால், பெயரை விட்டுவிட்டுச் சுற்றிவர நீலத்தை அடிப்பார்கள். நாம் எழுத்தென்று வாசிப்பது மை படாமல் விட்ட வெறும் இடம். எத்தனையோ ஆயிரம் காட் அடித்தவளுக்கு அன்றுதான் அது விளங்கியது.

வளவில் நின்ற விளாமரத்தின் பிசினை ஊறவைத்துக் கரைத்துக் கடதாசியில் பூசிக் காயவைத்தாள். அதன்மேல் வெள்ளைப் பெயின்ற்றை மெல்லிய தோலாக விசிறினாள். அந்தத் தோலில்தான் அச்சு. கதவுக்கு மட்டும் ஒட்டினால் அச்சு நீலமும் பெயின்ற் நீலமும் சேராமல் ஒட்டுப்போட்டு உடுத்த சாரம் போலத் தெரியும் என்று, முன்பக்கம் முழுவதற்கும் ஒரே நீலத்தில் தோல் வடிவமைத்தாள்.

"கலியாணக் காட் அவசரத்தில நிக்குது, நீங்கள் லொறிக்குச் சட்டை தைக்கிறீங்கள்" என்றார் சசிகரன்.

"மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலதான் அண்ணன்."

"சரி சரி. மெசின் இறுகினா நீங்கள்தான் பொறுப்பு."

மெசின் இறுகவில்லை. வார்னிஷ் பூசிக் காயவைத்து, மறுநாள் மத்தியானம் அதில் முதலாவதாகக் கதவின் அளவுக்கு வெட்டிய துண்டை ஒரு கோப்பைத் தண்ணீரில் மிதக்கவிட்டாள். பிசின் கரைந்தது. கடதாசி கீழே போக, நீலத் தோல் மட்டும் நுனிவிரலில் வழுக்கிக்கொண்டு வந்தது. மூச்சு விட்டாலும் சுருண்டுவிடும். அதைக் கதவில் இழுத்து வைத்து, ஈரத்தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினாள். விளிம்பு மறைந்தது. ஒட்டியது என்றே சொல்ல முடியாது, அந்தக் கதவு அப்படியே பிறந்தது போல் இருந்தது.

பகிடி விடத்தான் சசிகரன் எட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். அந்த வேகிற வெக்கையில் எழுந்துபோய் மின்விசிறியை நிப்பாட்டினார். கடைக் கதவையும் சாத்தினார்.

"காத்துப் பட்டாச் சுருண்டிடும். நீங்கள் ஒட்டுங்கோ. வாறவையள் நிக்கட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வாப்பா வந்து சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு, பஸ்மியா அதைக் கொண்டுவந்து நீட்டிய கையில் அவர் முன்னால் பிடித்தாள்.

"வாப்பா, தொடாதீங்க. முதல்ல பாருங்க."

அவருடைய முகம் வழக்கம்போல இங்குமங்கும் தேடியது. பிறகு நின்றது. நின்ற முகம் அசையவே இல்லை. வாப்பாவின் உதடுகள் மெல்ல அசையத் தொடங்கின. வாசிக்கிறார்.

"சுபைதா" என்றார். "ஸெய்னுதீன், கிண்ணியா. மட்காட் நெளிவும் இரிக்கு. தறப்பாள்... என்ட ரப்பே. முழுசா நிக்குது புள்ள. முழு லொறியும் நிக்குது."

கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை, துடைத்தால் அந்த நேரம் லொறி மறைந்துவிடுமே. பஸ்மியாவின் கை நோகத் தொடங்கியது. அவள் அதை இறக்கவில்லை. சுபைதா புருசனுக்கு என்னவோ ஏதோவென்று ஓடிவந்து முகத்தோடு முகம் வைத்து, "என்ன, என்ன தெரியுது?" என்றாள்.

"தள்ளு சுபைதா. கிட்ட வந்தா உன்ட மூக்கு மட்டுந்தான் தெரியுது."

சொன்னவர் சட்டென்று நிறுத்தினார். லொறியைப் பார்த்தார். பஸ்மியா இருந்த பக்கம் திரும்பினார். அவருக்குத் தெரிந்தது ஒரு கண், நெற்றியின் ஒரு பாதி, முந்தானைக் கரை. பார்வை மங்கிய மனிதரென்று வீட்டில் எல்லோரும் இவ்வளவு காலமும் அவர் முகத்துக்குக் கிட்ட வந்து வந்துதான் பேசினார்கள். அன்பு மிகுந்தவர்கள் இன்னும் கிட்ட வந்தார்கள்.

"மகள், லொறிய மேசையில வை. வெச்சிட்டு நீ வெளிய முத்தத்துக்கு எறங்கிப் போ."

"என்னத்துக்கு வாப்பா?"

"போயேன் புள்ள. என்னைப் பாத்தபடி, பின்னுக்குப் பின்னுக்குப் போ."

அவர் எழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். பஸ்மியா படியிறங்கிப் பின்னால் நடந்தாள். வாப்பாவின் வலது கை தானாக உயர்ந்தது. லொறியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர்மார் காட்டுவதுபோல விரல்கள் ஆடின.

"வரட்டும், வரட்டும். கொஞ்சம் இடப்பக்கம் ஒடிச்சுத் திருப்பு. வரட்டும்... இன்னும் இடமிரிக்கு, வரட்டும்..."

முருங்கையைத் தாண்டினாள். கிணற்றைத் தாண்டினாள். வேலியடிக்கு வந்ததும் வாப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

"ஹோல்ட்."

அவள் நின்றாள். அவ்வளவு தூரத்தில் வாப்பா சிறியவராய்த் தெரிந்தார். நிலை, வாசல், உயர்த்திய கை, பின்னால் உம்மா, எல்லாம் சேர்ந்து ஒரே பார்வைக்குள் இருந்தன. அவர் கண்ணுக்குள் இப்போது தானும் இப்படித்தான் முழுதாக நிற்கிறோம் என்று அவளுக்கு விளங்கியது. வாப்பா அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரே தடவையில் பார்த்தார்.

"கால்ல செருப்பில்ல" என்றார் அங்கிருந்தே. "மணல் சுடுமே மகள்."

அப்போதுதான் பஸ்மியாவுக்கு மணல் சுட்டது. அவள் அசையாமல் நின்றாள்.