மேட்டடியில் நாலு முட்டை

எனிட் தாக்ரேவுக்கு அறுபத்தோரு வயது. முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டவள். ஓய்வு பெற்றதும் தோட்டம், பின்னல் என்று உட்காராமல், ஹேஸல்டேல் நீராவி ரயிலைக் கட்டிக் காப்பாற்றும் சங்கத்தில் சேர்ந்தாள். போனதும் டீக்கடையில் நிறுத்திவிட்டார்கள். அவளுக்கோ எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேன் ஆகவேண்டும். ஆறு வருடம் சாம்பல் அள்ளினாள், எஞ்சின் துடைத்தாள். ஓடும் எஞ்சினில் கரி போட்டுக் காட்டும் பரீட்சையில் மட்டும் இரண்டு முறை மண்ணைக் கவ்வினாள். மூன்றாவதிலும் தோற்றால் ஆயுசுக்கும் டீக்கடைதான். சங்கத்து விதி அப்படி.

இரண்டு தடவையும் அவளைக் கவிழ்த்தது காலைச் சாப்பாடு. கரி அள்ளும் ஷவலைக் கழுவி, எஞ்சின் அடுப்புக்குள் நீட்டி, முட்டையும் பன்றி இறைச்சியும் பொரித்துப் பரீட்சை அதிகாரிக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். மற்றவர்கள் ஏனோதானோவென்று பொரித்துக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவள் சமையல்காரி ஆயிற்றே! மஞ்சள் கரு உடையாமல், ஓரம் கருகாமல் பதம் பார்த்து நின்றதில் நெருப்பு இளைத்து, இரண்டு முறையும் ரயில் மேட்டில் முக்கி நின்றுபோனது. அதிகாரி ஆக்டன் நன்றாகச் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ஃபெயில் போட்டார். நெஞ்சில் ஈரமில்லாத மனுஷன்.

மூன்றாம் முறையும் அதே ஆக்டன், அதே மேடு. மேட்டடி நிலையத்தில் எதிர் வண்டிக்காகப் பத்து நிமிஷம் நிற்க வேண்டும், சாப்பாடும் அங்கேதான். நாலு முட்டை போதும் என்றார் ஆக்டன், பெரிய மனது பண்ணி. ஷவல் அடுப்புக்குள் போனது.

"நெருப்பு மேலயும் ஒரு கண்ணு இருக்கட்டும்மா," என்று டிரைவர் கிளைவ் அவள் காதோரம் முணுமுணுத்தார்.

முட்டை பாதிகூட வேகவில்லை. எதிர் வண்டி ஆறு நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது. சிக்னலும் கிடைத்துவிட்டது. எனிட் நீராவி அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தாள், இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் ஒரு மூலை கறுத்திருந்தது. உடனே கரி போட்டால்தான் மேடு ஏறலாம். எஞ்சினில் இருப்பதோ ஒரே ஷவல். அதில் முட்டை இன்னும் தளதளவென்று ஆடியது.

முப்பது வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட அவள் பட்டினி போட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஷவலைக் கவிழ்த்தாள். நாலு முட்டையும் இறைச்சியும் நெருப்போடு போயின. அதன்மேலேயே கரியை வீசினாள்.

"அது என் சாப்பாடும்மா," என்றார் ஆக்டன்.

"தெரியும் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கரி படும்."

அதற்குப் பிறகு அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அள்ளினாள், வீசினாள், தண்ணீர் மட்டம் பார்த்தாள், மறுபடி அள்ளினாள். ரயில் இருமிக்கொண்டே ஏறியது. உச்சி நிலையத்தில் நின்றபோது முள் முழு அழுத்தத்துக்கான சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. கிளைவ் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஆக்டன் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். எனிட்டுக்குக் கண் கரித்துக்கொண்டு வந்தது. இன்னும் இரண்டு முட்டை மிச்சம் இருக்கிறது, பொரித்துத் தரட்டுமா என்று கேட்டாள்.

"இங்க கொடு," என்று ஷவலை வாங்கிக்கொண்டார் அவர். "நான் பொரிக்கிறேன். ஃபயர்மேன் பசியோட இருக்கக்கூடாது."

மஞ்சள் கரு உடைந்தது, ஓரமெல்லாம் கருகியது. எனிட் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டாள்.