புது வளாகத்துப் பை

வாராவாரம் நகர விவகாரங்களைப் பற்றிப் பத்தி எழுதுபவர், மச்சினனின் வாட்ச் ரிப்பேர் கடைக்குப் பழத்தோடு போனார். பழைய சந்தையில் இன்னும் திறந்திருப்பது அந்த ஒரு கடைதான். "புது வணிக வளாகம் மேயரின் வெட்டிப் பெருமை. ஈ, காக்கா எட்டிப் பார்க்காது. யாரும் இடம் மாறாதீர்கள்" என்று போன வருடம் வெளுத்து வாங்கியிருந்தார். மற்ற கடைக்காரர்கள் படித்துச் சிரித்துவிட்டு அங்கே இடம் பிடித்தார்கள். மச்சினன் மட்டும், அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, தனக்கு ஒதுக்கிய கடையை வேண்டாமென்று விட்டுவிட்டான்.

"வாங்க அத்தான்! இன்னிக்கு வந்த முதல் ஆளே நீங்கதான். பழம் எங்க வாங்கினீங்க?"

"வர்ற வழியிலதான்..." என்றவர் பையை முதுகுப்பக்கம் இழுத்தார். புது வளாகத்தின் பெயர் அதில் கொட்டை எழுத்தில் இருந்தது.

மச்சினன் பையை வாங்கிப் பழங்களை மேசையில் எடுத்து வைத்தான். பிறகு அதை மடித்து நீட்டினான்.

"அங்க கூட்டம் எப்படி, அத்தான்?"

"இருக்கு மாப்ள."

"அதையும் எழுதுவீங்கல்ல?"

இந்த வாரப் பத்தி காலையிலேயே அச்சுக்குப் போயிருந்தது. வளாகம் ஈயோட்டுகிறது என்று அதிலும் எழுதியிருந்தார். பையை வாங்க அவருக்குக் கை நீளவில்லை.