இந்தப் பாஸ்வேர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது

வெப்சைட்டுகளைத் திறப்பதற்கு முன்னால் அவற்றில் குறை கண்டுபிடிப்பது என் தொழில். பிறந்த வீட்டில் இதையே சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தேன். வாயாடி என்று பெயர் கிடைத்தது. இப்போது அதே வாய்க்குக் காசு கொடுத்து, காபி கொடுத்து, நாற்காலியும் இழுத்துப் போடுகிறார்கள்.

அன்று ஒரு மருத்துவமனை கூப்பிட்டிருந்தது. டாக்டரைப் பார்க்க வீட்டிலிருந்தே நேரம் வாங்குவதற்கான வெப்சைட். நான் சரி என்றால் திறப்பார்கள். இல்லை என்றால், செய்துகொடுத்த கம்பெனி அள்ளிக்கொண்டு போய்த் திருத்திவர வேண்டும். மீட்டிங் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தது அந்தக் கம்பெனியின் முதலாளி. என் அண்ணன்.

எனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்ட அன்றே என்னைத் தலைமுழுகியவன். "தங்கச்சின்னு ஒருத்தி இருந்தா, செத்துட்டா" என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னவன். செத்தவள் சட்டமாக உட்கார்ந்து காபி குடிப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். பிறகு டையைச் சரிசெய்துகொண்டு, "வணக்கம் மேடம்" என்றான்.

"வணக்கம் சார், உட்காருங்க" என்றேன். மருத்துவமனை நிர்வாகி அம்மாளின் முன்னால் இவனை நார் நாராகக் கிழிக்காமல் இந்த அறையை விட்டுப் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அதற்காக நான் ஒன்றும் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. பதிவு செய்யும் பக்கத்தைச் சுவரிலிருந்த பெரிய திரையில் போட்டான். மகா கண்றாவி. பாஸ்வேர்டுக்கு ஏழு விதிகள். அந்த ஏழையும் முன்கூட்டியே சொல்லித் தொலைத்தாலும் பரவாயில்லை; ஒவ்வொன்றாகத் தப்புச் செய்யவைத்து, ஒவ்வொரு தடவையும் சிவப்பு எழுத்தில் திட்டியது. அடித்ததைச் சரிபார்க்கப் பக்கத்தில் ஒரு கண் பொத்தான் வைப்பார்கள். அமுக்கினால் புள்ளிகள் எழுத்தாகத் தெரியும். அதுவும் இல்லை. போதாக்குறைக்கு அதையே இரண்டாவது பெட்டியிலும் அடிக்க வேண்டும். அங்கேயும் வெறும் புள்ளிகள்தான்.

"காய்ச்சலோட இருக்கிறவங்க இதுல வந்து முட்டிக்கணுமா சார்?"

"பாதுகாப்பு முக்கியம் மேடம். ஜனங்கள இஷ்டத்துக்கு விட்டா ஒண்ணு ரெண்டு மூணுன்னு வெச்சுட்டுப் போயிடுவாங்க. எது நல்லதுன்னு அவங்களுக்கே தெரியாது."

இந்த வசனத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். அப்போது இவன் பேசியது பாஸ்வேர்டைப் பற்றியல்ல, மாப்பிள்ளையைப் பற்றி.

"இன்னொரு சிறப்பும் இருக்கு" என்று நிர்வாகியின் பக்கம் திரும்பினான். "ஒருத்தர் வெச்ச பாஸ்வேர்ட இன்னொருத்தர் வைக்க முடியாது. ஏற்கெனவே இருக்குன்னு சொல்லித் தடுத்துடும்."

கூட வந்திருந்த ப்ரோக்ராமர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். இவன் யார் சொல்லிக் கேட்டான்? திருடனிடம், "உன் கையில இருக்கிற சாவி இந்தத் தெருவுல ஒரு வீட்டுக்குச் சேரும்" என்று சொல்லும் காவல்காரனை வேலைக்கு வைத்துவிட்டு, அதற்குச் சிறப்பு என்று பெயர் வேறு.

"இப்ப இதுல எத்தனை பேர் பதிவு பண்ணியிருக்காங்கம்மா?" என்று அவளிடம் கேட்டேன்.

"சார் மட்டும்தாங்க. மத்ததெல்லாம் நேத்தே அழிச்சிட்டோம்."

"அப்ப சாரோட பாஸ்வேர்ட நான் கண்டுபிடிக்கட்டுமா?"

நிர்வாகி நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணன் சிரித்தான். "ஏழு விதி மேடம். தாராளமா முயற்சி பண்ணுங்க."

ஏழு விதி போட்டால் மனிதர்கள் ஏழு விதமாக யோசிப்பார்கள் என்று நினைப்பவன் மடையன். எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். மனதிலிருக்கும் ஒரு பெயர் இங்கிலீஷில், அதன் முதலெழுத்துப் பெரியது, பின்னால் பிறந்த வருடம், கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி. பெயர் மட்டும் தெரிந்தால் போதும். தற்பெருமை பிடித்தவனாயிற்றே என்று முதலில் அவன் பெயரையே அடித்தேன். 'பயன்படுத்தலாம்' என்று பச்சையில் வந்தது. அப்பா பெயர். பச்சை. அண்ணி பெயர். அதுவும் பச்சை. பாவம் அண்ணி.

"நான்தான் சொன்னேனே மேடம்" என்று கால்மேல் கால் போட்டு ஆட்டினான்.

அந்தக் காலாட்டலைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுண்டெலி என்று அடித்தேன். சின்ன வயதில் அவன் எனக்கு வைத்த பெயர். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் அடிக்கப் போவான். பின்னால் என் பிறந்த வருடத்தையும் ஆச்சரியக்குறியையும் போட்டேன். பச்சை வந்ததும், "செத்துப்போன ஒருத்தியோட பேரு சார், இதையும் தாராளமா வெச்சுக்கலாம் போல" என்று சத்தமாகச் சொல்வதாக இருந்தேன்.

சிவப்பு வந்தது. 'இந்தப் பாஸ்வேர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.'

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. சுவர் முழுக்க வெறும் புள்ளிகள். கண் பொத்தான் இல்லாததற்கு அன்றுதான் முதல் முறையாகச் சந்தோஷப்பட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. தினமும் இதை அடித்துவிட்டா இவன் வேலையை ஆரம்பிக்கிறான்? ஒரு ஃபோன் போட்டு எப்படி இருக்கே என்று கேட்கத் துப்பில்லாதவன்!

"அடேயப்பா! அப்படி என்ன அடிச்சீங்க மேடம்?" என்றார் நிர்வாகி.

"சும்மா ஒரு பேரு" என்று சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினேன். "உடனே மாத்திடுங்க சார். தெரிஞ்சவங்க சுலபமா கண்டுபிடிச்சிடுவாங்க."

"அது ஒருத்திக்குத்தான் தெரியும் மேடம்" என்றான், மேசையைப் பார்த்துக்கொண்டே. "அவளுக்குத் தெரிஞ்சா பரவாயில்ல. மாத்த மாட்டேன்."

அதற்காக விட்டுவிட முடியுமா? அந்தப் பக்கத்தை நிராகரித்தேன். விதிகளைக் குறைக்கவும், இரண்டாவது பெட்டியைத் தூக்கவும், மற்றவர் பாஸ்வேர்டைக் காட்டிக்கொடுக்கும் அந்த அதிகப்பிரசங்கி வரியை அடியோடு அழிக்கவும் எழுதினேன். அடியில் ஒரு முகவரியையும் எழுதி அவன் பக்கம் தள்ளினேன்.

"திருத்தினத நீங்களே நேர்ல கொண்டுவந்து காட்டணும் சார். ஆபீசுக்கு இல்ல. இது வீடு."

அண்ணன் படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மறுபடி எடுத்துப் படித்தான்.

"வர்றப்ப என்ன வாங்கிட்டு வரட்டும் மேடம்?" என்று கேட்டான்.

"கண் பொத்தான்" என்றேன். "அது இல்லாம என் வாசப்படி மிதிக்காதீங்க."