எதிர்மலைக்கும் சேர்த்து ஒரு ஸ்பீக்கர்

ஆக்ஸிலியாவுக்குக் கையடக்க ஸ்பீக்கரே போதும். பள்ளங்கி மலைக்கிராமத்தில் அவள் போட்டிருக்கும் டெண்டுகளில் தங்க வருகிறவர்கள் மிஞ்சிப்போனால் பத்துப் பேர். நெருப்பைச் சுற்றி நின்று ஆட அதற்கு மேல் எதற்கு? அவள் கணவன் ஜெரால்டுக்கோ சக்கரம் வைத்த பெரிய பெட்டி மேல்தான் கண்.

"வெளியில வச்சுப் பாத்தாத்தான் லட்சணம் தெரியும்" என்று கடைக்காரரிடம் இரண்டையும் கேட்டு வாங்கிவந்து, சரிவில் வைத்தாள். சின்னதில் பாட்டு இனித்தது. ஆனால் காற்று கொஞ்சம் திரும்பினால் பாதியைக் காணோம். ஜெரால்டு பெரியதைப் போட்டான். அதிர்வில் டீ டம்ளர் தானாக நகர்ந்தது. எதிர்மலை அதே பாட்டைத் திருப்பிப் பாடியது.

"காட்டுமாடு வந்து நிக்கப்போகுது, பாருங்க!" ஆக்ஸிலியா வெடுக்கென்று அதை நிறுத்தினாள்.

உடனே அவள் போன் அடித்தது. எதிர்ச் சரிவில் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்த கந்தம்மாள்.

ஆக்ஸிலியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்கக்கா, தெரியாம..."

"மன்னிப்பு கெடக்கட்டும். யாருடி அத நிறுத்துனது? இங்க அம்புட்டுப் பேரும் பாதி ஆட்டத்துல நிக்கிறோம், வெரசாப் போடு!"

ஆக்ஸிலியா பெரிய பெட்டியை மறுபடி அலறவிட்டாள். சின்னதை அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினாள்.